இரத்தத்தைக் கூட்டினால் பயம் கூடுமா?

போன மாதம் வெள்ளவத்தையில் நண்பன் ஒருத்தனின் ஃபிளாட்டில் ஐந்து பேர் சேர்ந்து 1981இல் வந்த 'ஈவில் டெட்' பார்த்தோம். கொத்து வாங்கி வைத்து, லைட்டை அணைத்து, காலி வீதி வெளிச்சம் வராமல் திரைச்சீலையையும் இழுத்து மூடியாச்சு. பேய் பிடிக்கும் இடம் வந்ததும் சிரிப்புத் தொடங்கியது. முகத்தில் மாவை அப்பின மாதிரி மேக்கப். வெட்டின இடத்தில் இரத்தத்துக்குப் பதில் பால் மாதிரி ஏதோ வழியுது. ஒருத்தன் ரிமோட்டை எடுத்தான். "மச்சான், இதை விடு. 2013 ரீமேக்கைப் போடு. அதுதான் ஹொரர். இது கொமெடி."

மற்றவங்களும் ஓம் என்றார்கள். நான் மட்டும் சண்டைக்குப் போனேன். ஆனா அன்றைக்கு ஒழுங்காகக் கதைக்க வரவில்லை, கொத்து ஆறிப்போனதுதான் மிச்சம். அன்றைக்குச் சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளவேணும். நானும் 2013ஐத்தான் முதலில் பார்த்தேன். அந்தப் படம் இல்லாவிட்டால் பழையதைத் தேடிப் போயிருக்கவே மாட்டேன். எங்கட வயசுக்காரருக்கு ரீமேக் என்பது பெரும்பாலும் மூலப்படத்துக்குப் போகும் வாசல். அதனால் "ரீமேக் எல்லாம் குப்பை" என்ற பழைய பல்லவியை நான் பாடப்போறதில்லை. என் கேள்வி வேற. காசில்லாமல் எடுத்த ஒரு படத்தைக் காசோடு திரும்ப எடுக்கும்போது, அந்தக் காசு எதை வாங்குது?

சாம் ரெய்மி 'ஈவில் டெட்' எடுக்கத் தொடங்கினபோது அவருக்கு 20 வயது. ஒரு குறும்படத்தை எடுத்து, அதைப் பல் டொக்டர், வக்கீல் என்று ஊரில் காசிருக்கிற ஆக்களுக்குப் போட்டுக் காட்டித்தான் முதல் சேர்த்தார்கள். எல்லாம் சேர்த்து நாலு இலட்சம் டொலர் கூட இல்லை. டென்னசி மாநிலத்தில் கைவிடப்பட்ட ஒரு மரவீட்டில், 1979 கடைசியில், குளிருக்குள் படப்பிடிப்பு. காட்டுக்குள் பேய் பாய்ந்து வரும் அந்தப் பிரபலமான ஷொட் எப்படி வந்தது தெரியுமா? கமெராவை ஒரு பலகையில் பூட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் ஓடினார்கள். பேயைக் காட்டக் காசில்லை. அதனால் பேயின் கண்ணையே எங்கட கண்ணாக்கி விட்டார்கள். இரத்தம் என்றது சோளப் பாகும் சிவப்புக் கலரிங்கும், கொஞ்சம் கோப்பிக்குப் போடும் கிரீமரும். நாங்கள் சிரித்த அந்த வெள்ளைத் திரவமும் சும்மா வந்ததில்லை. எல்லாமே சிவப்பாக வழிந்தால் தணிக்கை விடாது என்று யோசித்துத்தான் வேற வேற நிறம் போட்டார்கள்.

2013 படத்துக்கு 17 மில்லியன் டொலர். எடுத்தவர் உருகுவே நாட்டு ஃபெடே அல்வரெஸ். அவருக்கு அதுதான் முதல் முழுநீளப் படம். அதுக்கு முதல் 2009இல் ஏறக்குறைய 300 டொலர் செலவில் ஒரு குறும்படம் செய்து யூரியூப்பில் போட்டிருந்தார். அவரின் சொந்த நகரமான மொன்டெவிடியோவை இராட்சத ரோபோக்கள் வந்து உடைக்கும் கதை. அதைப் பார்த்துத்தான் ஹொலிவூட் அவரைக் கூப்பிட்டது. இதை ஒருக்கா மனதில் வைத்திருங்கள், பிறகு திரும்ப வருவேன்.

அல்வரெஸின் படத்தில் நல்ல விஷயம் ஒன்று இருக்கு. பழைய படத்தில் ஐந்து பேரும் விடுமுறையைக் கழிக்க மரவீட்டுக்குப் போவார்கள். புதியதில் மியா என்ற பெண்ணைப் போதைப்பழக்கத்திலிருந்து மீட்கக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். "இங்கே ஏதோ இருக்கு, என்னைக் கொண்டு போங்கோ" என்று அவள் கத்தும்போது யாரும் நம்பவில்லை. போதை விட்டதால் வரும் உளறல் என்றுதான் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்பவளை வீட்டு ஆக்களே நம்பாத பயம் அது. அந்த அரை மணித்தியாலம் நான் கதிரை நுனியில் இருந்தேன். அதுக்குப் பிறகு ஆணி அடிக்கும் துப்பாக்கி, மின்கத்தி, கடைசியில் வானத்திலிருந்து இரத்த மழை. ஒவ்வொன்றும் திறமான வேலை. பெரும்பாலும் கொம்பியூட்டரை நம்பாமல் கையால் செய்த வேலையும்கூட. ஆனா மழை வரும்போது எனக்குப் பயம் போய், "இதை எப்படி எடுத்திருப்பாங்கள்" என்ற யோசனைதான் வந்தது.

காசு வாங்கினது அந்த மழையை. மியாவை யாரும் நம்பாத அந்தப் பயத்துக்குச் சல்லிக்காசு செலவில்லை.

இதுக்கு இன்னும் தெளிவான உதாரணம் 'டெக்சாஸ் செயின் சோ மசகர்'. 1974இல் டோபி ஹூப்பர் சுமார் 140,000 டொலரில் எடுத்தது. பெயரைக் கேட்டாலே இரத்தம் தெறிக்கும் என்று தோன்றும். போய்ப் பாருங்கள், படத்தில் இரத்தம் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. ஒரு பெண்ணை இறைச்சிக் கொளுக்கியில் தூக்கி மாட்டும் காட்சி இருக்கு. கொளுக்கி உடம்பில் ஏறுவதை ஹூப்பர் காட்டவே இல்லை. ஆனா பார்த்த பலர் அதைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் பண்ணுவார்கள். அவர்களின் மூளை எடுத்த காட்சி அது.

2003இல் 95 இலட்சம் டொலரில் அதை ரீமேக் பண்ணினார்கள். இதில் சுவாரசியம் என்னவென்றால் இரண்டு படத்துக்கும் ஒளிப்பதிவாளர் ஒருத்தர்தான், டானியல் பேர்ல். அதே ஆள், அதே மாநிலம், கையில் முப்பது வருஷ அனுபவம் கூட. ரீமேக்கின் ஒவ்வொரு ஃபிரேமும் விளம்பரம் மாதிரி மினுங்குது. வியர்வை கூட அழகாக இருக்கு. படம் நல்லாய் ஓடினது. அதைத் தொடர்ந்து 'த ஹில்ஸ் ஹேவ் ஐஸ்', 'ஹலோவீன்', 'ஃபிரைடே த தேர்ட்டீன்த்' என்று பழைய படங்கள் எல்லாம் வரிசையாகத் திரும்ப வந்தன. ஆனா 1974 படத்தைப் பார்க்கும்போது வரும் "இதை யாரோ உண்மையாகவே எடுத்து வைத்திருக்கிறார்கள், நான் இதைப் பார்க்கக்கூடாது" என்ற உணர்வு புதியதில் வரவில்லை. ஒளிப்பதிவாளரின் திறமை குறைந்ததால் அப்படி ஆகவில்லை. கடும் வெயிலுக்குள், அழுகிய இறைச்சி நாற்றத்துக்குள், நடிகர்களே களைத்து வெறுத்துப்போய் நின்ற அந்த அறை புதிய படத்தில் இல்லை. அதைக் கடையில் வாங்கேலாது.

இப்போ எங்கட பக்கம் வருவோம். "தமிழ்ல இப்படி இரத்தக்களறிப் படம் எங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். 1984இல் மணிவண்ணன் எடுத்த 'நூறாவது நாள்' இருக்கு. விஜயகாந்த், மோகன், நளினி. மொட்டைத் தலை, வட்டக் கண்ணாடி, சிவப்புக் கோட்டோடு சத்யராஜ். இளையராஜாவின் பின்னணி இசை. எங்கட அம்மா, மாமாமாரைக் கேட்டுப் பாருங்கள், அந்த மொட்டைத் தலையை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். அதிகம் பேருக்குத் தெரியாத விஷயம், இந்தப் படத்தின் கரு 1977இல் வந்த ஓர் இத்தாலியப் படத்திலிருந்து வந்தது. அதை எடுத்தவர் லூசியோ ஃபுல்சி. பின்னாளில் உலகத்தின் இரத்தக்களறிப் படங்களுக்கே தலைவர் மாதிரி ஆனவர். நடக்காத கொலை ஒன்று மனக்கண்ணில் தெரியும் பெண், கணவனின் வீட்டுச் சுவரை உடைக்க உள்ளே எலும்புக்கூடு. இதுதான் இரண்டுக்கும் பொது.

உரிமை வாங்கி, நன்றி போட்டுச் செய்த ரீமேக் இல்லை அது. அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. இன்றைக்கு நாங்கள் யாராவது அப்படிச் செய்தால் அதுக்குப் பெயர் கொப்பி. ஆனா மணிவண்ணன் என்ன செய்தார் என்று பார்க்கவேணும். ஃபுல்சியின் படத்தில் அது ஒரு பணக்கார வீட்டு மர்மம். தமிழில் அது கல்யாணம். அக்காவைப் பறிகொடுத்த ஒரு பெண், ஒருத்தனைக் கட்டிக்கொண்டு அவனுடைய பெரிய வீட்டுக்கு வாறாள். அந்த வீட்டின் சுவருக்குள் என்ன இருக்கு என்று அவளுக்குத் தெரியாது. சொன்னால் நம்ப ஆளில்லை. அந்தக் கணவன் யார்? பாட்டுப் பாடிக் காதலிக்கும் பாத்திரங்களால் ஊரே விரும்பின மோகன்! படம் வந்து நாற்பது வருஷம் தாண்டிட்டுது, ஸ்பொய்லர் என்று யாரும் சண்டைக்கு வராதீங்கோ. குறிப்புப் பார்த்து, சம்பளம் பார்த்து, நல்ல பெடியன் என்று ஊரே சொல்லிக் கட்டிவைத்த ஒருத்தனைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன தெரியும்? இந்தக் கேள்வி அப்போ இருந்தது. இப்போ வெள்ளவத்தையில் வெளிநாட்டு மாப்பிள்ளைக்குப் பெண் பார்க்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கு. கொலைக்காட்சிகள் இன்றைக்குப் பழசாய்த் தெரியலாம். கேள்வி பழசாகவில்லை. பிறகு 1991இல் அதையே மாதுரி தீட்சித்தை வைத்து '100 டேய்ஸ்' என்று ஹிந்தியில் எடுத்தார்கள்.

நான் சொல்ல வாறது இதுதான். நல்ல ரீமேக் பயத்தை வேற வீட்டுக்குக் குடியேற்றும். மோசமான ரீமேக் பழைய வீட்டுக்கே புதுப் பெயின்ட் அடித்து, இரத்தத்தை மட்டும் லீற்றர் கணக்கில் கூட்டும்.

இரத்தத்தைக் கூட்டுவதைப் பற்றிக் கதைக்கும்போது இன்னொன்றும் சொல்லவேணும். "இந்த மாதிரிப் படம் பார்க்காத, மனசு கெட்டுப்போகும்" என்று எங்களுக்குச் சொல்லும் அதே வீடுதான் 'ஜெயிலர்' பார்க்கக் குடும்பமாகப் போனது. அதில் ரஜினி ஒருத்தனின் தலையை வாளால் சீவுவார். தியேட்டரே விசிலடித்தது, பக்கத்து சீற்றில் சின்னப் பிள்ளைகள் பொப்கோர்ன் சாப்பிட்டார்கள். ஹீரோ சிந்தவைக்கும் இரத்தத்தில் எங்களுக்கு வலி தெரியாது, ஏனென்றால் அங்கே நாங்கள் வாளின் பக்கம் நிற்கிறோம். நல்ல ஹொரர் படம் எங்களைக் கழுத்தின் பக்கம் நிற்பாட்டும். இந்த இரண்டில் எது மனசைக் கெடுக்குது என்று நீங்களே யோசியுங்கள்.

கழுத்தின் பக்கம் நிற்பது பற்றி எங்கட ஆக்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அம்மம்மா 1983 ஜூலையைப் பார்த்தவர். வீட்டில் யாரும் இரத்தம் வரும் படம் போட்டால் எழும்பி உள்ளே போயிடுவார். நாங்களும் அதை அப்படியே விளங்கிக்கொண்டோம், அம்மம்மாவுக்கு இரத்தம் ஆகாது என்று.

2023இல் 'ஈவில் டெட் ரைஸ்' வந்தது. இயக்கம் லீ குரோனின். தொடக்கத்தில் மட்டும் ஒரு மரவீட்டைக் காட்டிவிட்டு, மிச்சப் படம் முழுக்க லொஸ் ஏஞ்சலிஸில் ஒரு பழைய தொடர்மாடியில். லிஃப்ட், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம், நீண்ட கொரிடோர். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் அம்மாவின் தங்கச்சியும். பேய் பிடிப்பது அம்மாவுக்கு. இங்கே இன்னொரு நல்ல திருத்தமும் உண்டு. 1981 படத்தில் மரக்கொடிகள் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்யும் கேவலமான காட்சி ஒன்று இருந்தது. அது தேவையில்லாமல் எல்லை மீறிப் போனது என்று ரெய்மியே பிறகு ஒத்துக்கொண்டார். ஆனாலும் 2013 ரீமேக் அதைக் கொஞ்சம் மாற்றி மறுபடி வைத்தது. மரியாதை என்ற பெயரில் பிழையையும் கொப்பி பண்ணினார்கள். குரோனின் கொடிக்குப் பதில் லிஃப்ட் கேபிள்களை வைத்தார், அந்த வன்முறையை எடுத்துவிட்டார். மூலப்படத்தை நேசிக்கிறது என்றால் அதோடு சண்டை பிடிக்கவும் தெரியவேணும்.

கொட்டாஞ்சேனை வீட்டில் ஓர் இரவு இந்தப் படத்தை லப்டொப்பில் பார்த்துக்கொண்டிருந்தேன். பேய் பிடித்த அம்மாவை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டிட்டாங்கள். அவள் கொரிடோரில் நின்று அன்பான குரலில் கடைசி மகளைக் கூப்பிடுகிறாள். கதவைத் திற, எனக்கு ஒன்றுமில்லை என்று. சின்னப் பிள்ளை கதவுக்குக் கிட்டப் போகுது. அம்மம்மா எப்போ வந்து பின்னால் நின்றாரோ தெரியாது. அவருக்கு இங்கிலீஷ் படம் விளங்காது. ஆனா சொன்னார்:

"திறக்காத பிள்ளை."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தக் கதையைச் சொன்னார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா இவங்களைத் தன்ர அறைக்குள் வைத்துப் பூட்டினது. எனக்கு அம்மாவாக வரப்போகும் நாலு வயசுப் பிள்ளையின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கட்டிலுக்குக் கீழே படுத்தது. வெளியே கதவு தட்டும் சத்தம். தட்டினவர்களில் ஒருத்தனின் குரல் அவருக்குத் தெரிந்த குரல். நாளாந்தம் அந்த ஒழுங்கையால் போய்வாற ஒரு பெடியன். "அவன்ர குரல் அண்டைக்கும் நல்ல குரல்தான்" என்றார்.

இத்தனை வருஷம் நாங்கள் பிழையாய் விளங்கியிருக்கிறோம். அவருக்கு ஆகாதது கதவு தட்டுற சத்தம்.

அயர்லாந்து இயக்குநர் ஒருத்தர் நியூசிலாந்தில் எடுத்த படம், கொட்டாஞ்சேனைக் கிழவி ஒருத்தரிடம் நாற்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்ததைத் திறந்துவிட்டது. அந்தப் படத்தில் இரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை, லிஃப்ட் நிறைய வழியுது. ஆனா திறந்தது அந்தக் கதவுக் காட்சி.

இனி என் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே 2023இல் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஹொரர் குறும்படம் எடுத்தோம். ஹொரர் என்றால் காட்டு வீடு வேணுமே! அவிசாவளைப் பக்கம் ஒருத்தரின் பழைய தோட்ட வீட்டைக் கெஞ்சிக் கேட்டு எடுத்தோம். லைட் வாடகைக்கு. இரத்தத்துக்குச் சீனிப்பாகும் சிவப்புக் கலரிங்கும் காய்ச்சி இரண்டு பெரிய போத்தலில் நிரப்பினோம். நடிக்கவேண்டிய பெடியனுக்கு அதை ஊற்றி அரை மணித்தியாலத்தில் எறும்பு வந்திட்டுது. அவன் துடித்ததுதான் படத்திலேயே நல்ல நடிப்பு. எடிட் பண்ணிப் பார்த்தால், 2013 ரீமேக்கைப் போனில் எடுத்த மாதிரி இருந்தது. யாருக்கும் போட்டுக் காட்டவில்லை.

யோசித்துப் பாருங்கள். அதுக்கு முதல் வருஷம்தான், 2022 மார்ச் கடைசியில், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் நாங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குள் இருந்தோம். இருட்டில் ஏழாம் மாடிக்கு நடந்து ஏறினோம். எந்த நேரம் லிஃப்ட் நின்றுபோகும் என்று தெரியாமல் அதுக்குள் கால் வைக்கப் பயந்தோம். மேல் மாடியில் தனியாக இருக்கிற வயசுபோன ஆக்கள், பிள்ளைகள் எல்லாம் கனடாவில், கதவைத் தட்டினால் சங்கிலியைப் போட்டுக்கொண்டு "ஆர்?" என்று கேட்கும் குரல். இவ்வளவும் எங்கட கையில் இருந்தது, இலவசமாக. நாங்கள் டென்னசி மரவீட்டைத் தேடி அவிசாவளைக்குப் போனோம்.

அல்வரெஸை மனதில் வைக்கச் சொன்னேன் இல்லையா? 300 டொலரோடு இருந்தபோது அவர் ரோபோக்களைத் தன்ர ஊருக்குக் கொண்டு வந்தார். 17 மில்லியன் கிடைத்ததும் அடுத்தவன்ர காட்டுக்குப் போனார். நாங்கள் அவரின் இரண்டாவது படத்தைத்தான் கொப்பி பண்ணினோம். பார்த்துப் படிக்க வேண்டியது முதலாவதை.

ஆகவே மச்சான், உனக்கு என் பதில். 1981 படத்தைப் பார்த்துச் சிரிப்பதில் பிழையில்லை, எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனா உன்னை விட வயசு குறைந்த ஒருத்தன், கையில் இருந்த பலகையில் கமெராவைப் பூட்டி ஓடினான் என்பதை யோசித்துச் சிரி. அடுத்த படத்தை உன்ர ஃபிளாட்டில் எடுப்போம். இரத்தம் வேணாம், சீனி விக்கிற விலைக்குக் கட்டாது. கதவு இருக்கு, கொரிடோர் இருக்கு, லைட்டை அணைக்கலாம். தட்டுற சத்தம் எப்படி இருக்கவேணும் என்று அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறேன். சொல்லித் தாறன் என்றார். "கன நேரம் தட்டக்கூடாது. நிண்டு நிண்டு தட்டவேணும்" என்பது அவர் தந்த முதல் குறிப்பு.